எனக்கு எதுக்கு அந்த சீட் கிடைச்சுச்சு

எனக்கு நீட்ல வந்த மார்க் 219. மொத்தம் 720க்கு. 68 கேள்வி சரி, 53 தப்பு, மிச்சம் 59 தொடவே இல்ல. இத வெளிய சொல்றதுக்கே அஞ்சு வருஷம் ஆச்சு எனக்கு. இப்ப சிஆர்ஆர்ஐ, அதாவது எம்பிபிஎஸ் கடைசியில ஆஸ்பத்திரியில பண்ற பயிற்சி, பண்ணிட்டு இருக்கேன், போன வாரம் நைட் டியூட்டில ரெண்டு மணிக்கு கொஞ்சம் ஓய்ஞ்சப்ப ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சி ஒருத்தி வந்து பக்கத்துல உக்காந்து, அக்கா நானும் செவன் பாயிண்ட் ஃபைவ்தான், எனக்கு எதுக்குக்கா இந்த சீட்ட கொடுத்தாங்கன்னு தெரியலன்னு சொல்லி அழுதுட்டா. அரசு பள்ளியில படிச்சவங்களுக்கு மெடிக்கல் சீட்ல இருக்குற 7.5 சதவீத ஒதுக்கீட்டத்தான் அவ சொன்னா, நானும் அதுல வந்தவதான். அவளுக்கு அந்த நேரத்துல நான் ஏதோ சொன்னேன், சரியா சொல்லல, அதனாலதான் இத எழுதுறேன்.

எங்க ஊரு அறந்தாங்கி பக்கம். அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலை, அது இல்லாதப்ப கடலை புடுங்க போவாங்க. நான் 2020ல பிளஸ் டூ முடிச்சேன், புதுப் பாடத்திட்டத்துல பிளஸ் டூ எழுதுன முதல் செட் நாங்கதான், கடைசி பரிட்சை முடிஞ்ச கையோட லாக்டவுன் போட்டுட்டாங்க. நீட் மே மாசம்னு இருந்தது, தள்ளித் தள்ளி செப்டம்பர் 13க்கு வந்துச்சு. அந்த அஞ்சாறு மாசம் நான் படிச்சதெல்லாம் அப்பாவோட போன்ல, அவர் வேலைக்குப் போய்ட்டு வந்ததுக்கு அப்புறம், டேட்டா தீர்ற வரைக்கும்.

அப்ளிகேஷன நான் போடவே இல்ல. எங்க பயாலஜி டீச்சர்தான் போட்டாங்க. ஜெனரல் கேட்டகரியா பிசியான்னு கூட எனக்கு கேக்கத் தெரியல, டீச்சர் அவங்க காசுல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து போட்டோ, கையெழுத்தெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தி முடிச்சாங்க. மீடியம் எதுன்னு ஒரு இடம் வந்தப்ப மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சாங்க. ஏன்னா 2018ல தமிழ்ல எழுதுனவங்க கேள்வித்தாள்ல 49 கேள்வி மொழிபெயர்ப்பு தப்பா இருந்துச்சு, மதுரை ஹைகோர்ட் கிளை 196 மார்க் கொடுக்கச் சொல்லி தீர்ப்பு சொன்னாங்க, சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிட்டாங்க. அந்த பயம் டீச்சருக்கு இருந்துச்சு. ஆனா ஆறாவதுல இருந்து தமிழ்லயே படிச்ச புள்ளைய திடீர்னு இங்கிலீஷ்ல எழுதுன்னு எப்படி சொல்றது, அதனால தமிழ்னே போட்டாங்க.

டீச்சர் எங்கள நீட் எழுத வச்சதுக்கே ஒரு காரணம் இருக்கு. 2017ல நாங்க பத்தாவது, அப்பதான் அனிதா அக்கா இறந்தாங்க. பிளஸ் டூல 1200க்கு 1176 எடுத்தும் நீட்டால டாக்டர் சீட் கிடைக்காத புள்ள. அன்னைக்கு கிளாஸ்ல டீச்சர் பாடம் எடுக்கல, சும்மா ஜன்னல் பக்கம் பாத்துட்டு நின்னாங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் பிளஸ் டூல நாலு பேரையாவது புடிச்சு ஃபார்ம் போட வச்சிருவாங்க, யாருக்கும் சீட் கிடைக்காதுன்னு அவங்களுக்கே தெரியும், ஆனா போட வைப்பாங்க.

ரிசல்ட் அக்டோபர் 16. 219னு பாத்ததும் அம்மா கேட்டாங்க, பாஸாத்தான்னு. பாஸ்தான்மா, ஆனா சீட்டு கிடைக்காதுன்னேன். அந்த வருஷம் ஜெனரலுக்கு 147, எங்களுக்கு 113 எடுத்தா குவாலிஃபைடு. ஆனா குவாலிஃபை ஆகுறதுக்கும் கவர்மெண்ட் காலேஜ் சீட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அந்த லிஸ்ட்ட பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அப்பா ஒண்ணும் சொல்லல, சித்தாள் ஒருத்தர் வரல நாளைக்கு, நீ வந்து கல்லு எடுத்துக் கொடுக்குறியா ஆத்தான்னு கேட்டாரு, நானும் போனேன். ரெண்டு வாரம் போனேன். பிஎஸ்சி நர்சிங்கா, இல்ல பக்கத்துல ஆர்ட்ஸ் காலேஜ்ல பாட்டனியான்னு யோசிச்சுக்கிட்டே சாந்து சட்டி தூக்குனேன்.

அந்த ரெண்டு வாரத்துலயும் அதுக்கு முன்னாடியும் சென்னையில நடந்தத நான் அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில ஒரு ஆணையம் போட்டு, அரசு பள்ளிப் பிள்ளைங்க ஏன் மெடிக்கல் போக முடியலன்னு ஆராய்ஞ்சு, 10 சதவீதம் தனியா ஒதுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அரசாங்கம் அத 7.5 ஆக்கி செப்டம்பர் 15 சட்டசபையில நிறைவேத்துனாங்க. அதாவது நான் திருச்சியில பரிட்சை எழுதிட்டு வந்து ரெண்டு நாள் கழிச்சு. அதுக்கப்புறம் கவர்னர் கையெழுத்துக்கு ஒரு மாசத்துக்கு மேல கிடந்துச்சு. அக்டோபர் 29 அரசாங்கமே ஜிஓ, அதான் அரசாணை, போட்டுட்டாங்க, மறுநாள் 30ந்தேதி கவர்னரும் ஒப்புதல் கொடுத்துட்டாரு. டீக்கடையில பேப்பர் பாத்துட்டு அப்பா சைட்டுக்கு ஓடி வந்தாரு, கையில பேப்பர் கூட இல்ல, கடைக்காரர் தரமாட்டேன்னுட்டாராம், வாயிலயே சொன்னாரு.

யோசிச்சுப் பாருங்க, 16ந்தேதி 219 ஒண்ணுத்துக்கும் ஆகாத மார்க். 30ந்தேதி அதே 219 ஒரு டாக்டர் சீட். இடையில நான் ஒரு வரி கூட படிக்கல, கல்லுதான் தூக்குனேன்.

கவுன்சிலிங் நவம்பர் 18ல ஆரம்பிச்சுச்சு, சென்னை பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கம். எங்க பிரிவுக்குத்தான் முதல்ல நடந்துச்சு. அந்த வருஷம் 313 எம்பிபிஎஸ், 92 பிடிஎஸ், மொத்தம் 405 சீட் எங்களுக்குன்னு. நானும் அப்பாவும் நைட் பஸ்ல போய் இறங்குனோம், அவர் ஒரு மஞ்சப்பைய மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாரு, அதுக்குள்ள போனஃபைடு. அதுதான் முக்கியமான பேப்பர். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசு பள்ளியிலதான் படிச்சான்னு ஹெச்எம் கையெழுத்து போட்டுக் கொடுக்குறது. வெரிஃபிகேஷன்ல இருந்த சார் என் மார்க்ஷீட்ட ஒரு தடவை பாத்தாரு, அந்த போனஃபைட மூணு தடவை பாத்தாரு. எந்த வருஷமாச்சும் பிரைவேட்ல படிச்சியாமான்னு கேட்டாரு. இல்ல சார்னேன். ஒரு வருஷம் கூட? இல்ல சார்.

அப்ப அப்பா தலைய குனிஞ்சுக்கிட்டாரு. அத இப்ப சொல்லணும்.

நான் எட்டாவது போற வருஷம், 2015, எங்க பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல் வேன் வர ஆரம்பிச்சுச்சு. அப்பாவுக்கு ரொம்ப ஆசை. ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுட்டுப் போய் காசு கொடுத்து அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்துட்டாரு. நான்தான் அத ஃபில் பண்ணேன், கேப்பிட்டல் லெட்டர்ல, ஸ்கேல் வச்சு. ஃபீஸ் கட்ட கடைசி தேதிக்குள்ள காசு புரட்ட முடியல. அம்மா தோடு ஏற்கனவே அடகுல இருந்துச்சு, ஃபைனான்ஸ்காரர் இன்னொரு ஜாமீன் கேட்டாரு, மழையில ரெண்டு வாரம் வேலையும் இல்ல. கடைசி நாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்துட்டாரு, உள்ளயே வரல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் ஆத்தான்னாரு. நான் அழுதேன், நல்லா நினைவிருக்கு, அவருக்கு கேக்கட்டும்னே சத்தமா அழுதேன். அடுத்த வருஷமும் முடியல. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டுல எடுக்கல, ஆனா மஞ்சக் கலர் வேன் ரோட்ல போறப்பல்லாம் அப்பா வேற பக்கம் பாப்பாரு.

அந்தக் காசு மட்டும் அன்னைக்கு கிடைச்சிருந்தா நான் இன்னைக்கு டாக்டர் இல்ல. ஒரே ஒரு வருஷம் அந்த ஸ்கூல்ல படிச்சிருந்தாக்கூட போனஃபைடுல கையெழுத்து விழுந்திருக்காது. எனக்கு எதுக்கு சீட் கிடைச்சுச்சுன்னு கேட்டா நேர்மையான பதில் இதுதான், எங்க அப்பாவால ஃபீஸ் கட்ட முடியல. அவர் வாழ்க்கையில எத நினைச்சு அவ்வளவு வெக்கப்பட்டாரோ அதுதான் அந்த டேபிள்ல தகுதியா இருந்துச்சு. அவரும் அத அங்கயே புரிஞ்சுக்கிட்டாரு. வெளிய வந்து டீ குடிக்கிறப்ப, அந்த ஃபார்ம் இன்னும் ட்ரங்கு பெட்டியில இருக்கு ஆத்தான்னு மட்டும் சொன்னாரு.

எனக்கு தென் மாவட்டத்துல ஒரு அரசு கல்லூரி கிடைச்சுச்சு. வருஷ ஃபீஸ் 13,610 ரூபா. தனியார் காலேஜ் கிடைச்ச சில பேர் அதே அரங்கத்துல கட்ட வழியில்லாம வேணாம்னு திரும்பிப் போனாங்க, அதுக்கு அப்புறம்தான் அந்த ஃபீஸயும் அரசாங்கமே கட்டும்னு அறிவிச்சாங்க. சில நாள் முன்னாடியே சொல்லியிருந்தா அவங்க திரும்பிப் போயிருக்க மாட்டாங்களேன்னு எனக்கு இப்பவும் ஆறல.

கிளாஸ் 2021 பிப்ரவரில. இங்கதான் அந்தக் கேள்வி நிஜமாவே புடிச்சுக்கிச்சு. ஹாஸ்டல்ல முதல் நாள் ராத்திரியே எல்லாரும் மார்க் சொன்னாங்க, 580, 602, 571, என் முறை வந்தப்ப நான் பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சுட்டேன். அனாடமி ஹால்ல ஃபார்மலின் வாடை கண்ண எரிக்கும், அது ரெண்டு வாரத்துல பழகிருச்சு, ஆனா இங்கிலீஷ் பழகல. எனக்கு கணையம் தெரியும், மண்ணீரல் தெரியும், மண்ணீரல் எங்க இருக்கு, பக்கத்துல என்ன இருக்குன்னு எல்லாம் தெரியும், வைவால, அதான் வாய்மொழித் தேர்வுல, சார் ஸ்ப்ளீன்னு கேட்டப்ப அது மண்ணீரல்தான்னு மனசுக்குள்ள மொழிபெயர்த்து முடிக்கிறதுக்குள்ள அவர் அடுத்த ஆள்கிட்ட போய்ட்டாரு. ஃபர்ஸ்ட் இயர் அனாடமில ஃபெயில். சப்ளி எழுதித்தான் பாஸ் பண்ணேன். அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடில உக்காந்து, அந்த சீட்ட 580 எடுத்த யாருக்காவது கொடுத்திருந்தா அவங்க பாஸ் ஆயிருப்பாங்கள்லன்னு நினைச்சு நினைச்சு விடிஞ்சிருச்சு.

அந்த சப்ளிக்கு படிச்ச மாசத்துலதான் யாழ்ப்பாணத்து க்ரீன் டாக்டர் பத்தி எங்கயோ படிச்சேன். சாமுவேல் ஃபிஸ்க் க்ரீன்னு ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர், 1847ல யாழ்ப்பாணம் வந்தவரு, மானிப்பாய்ல ஆஸ்பத்திரி வச்சு, உள்ளூர் பசங்களுக்கு தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் கொடுத்திருக்காரு. அனாடமி புத்தகத்துக்கு அங்காதிபாதம்னு பேர் வச்சு தமிழ்ல கொண்டு வந்திருக்காரு. 150 வருஷத்துக்கு முன்னாடியே! அத படிச்சதும் எனக்கு ஒரு விஷயம் விட்டுப் போச்சு, தமிழ்ல யோசிக்கிறதாலதான் நான் மக்குன்னு ஒரு நினைப்பு இருந்துச்சுல்ல, அது போச்சு. அதுக்கப்புறம் நோட்டுல ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல தமிழ் எழுதி வச்சுப் படிச்சேன், யாரு பாத்தாலும் மறைக்கல.

இன்னொருத்தங்கள பத்தியும் சொல்லணும், எலிசபெத் பிளாக்வெல். அமெரிக்காவுல மெடிக்கல் டிகிரி வாங்குன முதல் பொண்ணு. காலேஜ் காலேஜா அப்ளை பண்ணி எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க. 1847ல நியூயார்க் மாநிலத்துல ஜெனீவா மெடிக்கல் காலேஜ் மட்டும் வான்னு லெட்டர் போட்டுச்சு. எப்படின்னா, அங்க வாத்தியாருங்க தாங்களே முடிவெடுக்க மனசில்லாம பசங்ககிட்ட ஓட்டுக்கு விட்டுட்டாங்க, பசங்க இது ஏதோ விளையாட்டுன்னு நினைச்சு எல்லாரும் சரின்னுட்டாங்க. அவங்களுக்கு சீட் கிடைச்ச காரணம் அவ்வளவுதான். 1849ல அவங்க டிகிரி வாங்குனாங்க, வகுப்புல முதலாவதா. இத நான் எத்தனையோ ராத்திரி நினைச்சுப் பாத்திருக்கேன். அவங்களுக்காவது எடுத்தது யாருன்னு கேட்டா கை காட்ட அந்த வகுப்பு இருந்துச்சு. எங்களுக்கு அப்படி யாரும் இல்ல. இங்க யாரும் நம்மள இன்டர்வியூ பண்றதில்ல, நீ ஏன் டாக்டராகணும்னு கட்டுரை எழுதச் சொல்றதில்ல, ரேங்க் லிஸ்ட், கம்யூனிட்டி, காலி இடம், அவ்வளவுதான். ஏன் என்ன எடுத்தீங்கன்னு போய் கேக்குறதுக்கு ஒரு முகம் கிடையாது. அதனாலதான் அந்தக் கேள்வி நம்மகிட்டயே சுத்தி சுத்தி வருதுன்னு நினைக்கிறேன்.

வார்டு போஸ்டிங் வந்ததும் எல்லாரும் ஒரு ஆறுதல் சொல்வாங்க, நீங்கல்லாம் கிராமத்துப் புள்ளைங்க, பேஷண்ட்கிட்ட நல்லா பேசுவீங்க, அதுக்குத்தான் இந்த ஒதுக்கீடுன்னு. எனக்கு இதுல முழு சம்மதம் இல்ல. உண்மைதான், ஒரு ஆயா மேலுக்கு முடியல, எளப்பா இருக்குன்னு சொன்னப்ப என் பேட்ச்ல சென்னைப் பையன் முழிச்சான், நான்தான் மூச்சிரைப்பச் சொல்றாங்கன்னு எடுத்துச் சொன்னேன். ஆனா அடுத்த வருஷம் அதே பையன் என்னைவிட பொறுமையா ஆயாக்கள்கிட்ட உக்காந்து பேசுனான், அவன் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டான். வட்டார வழக்கு கத்துக்க முடியுற விஷயம்தான், ஸ்ப்ளீன் மாதிரியே. அத வச்சு என் சீட்டுக்கு நான் நியாயம் சொல்ல மாட்டேன்.

நான் நியாயம் சொல்ல முடியாம நிக்கிற இடம் வேற ஒண்ணு இருக்கு, அது என் ஃப்ரெண்ட். அஞ்சாவது வரைக்கும் ஊர் ஒன்றியப் பள்ளியில ஒண்ணா படிச்சோம். அவங்க அம்மாவும் எங்க அம்மாவும் ஒரே வயல்ல கடலை புடுங்குனவங்க. ஆறாவதுக்கு அவ நடந்து போற தூரத்துல இருந்த எய்டட் ஸ்கூல்ல, அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளியில, சேந்தா, நான் நாலு கிலோமீட்டர் தள்ளி அரசு பள்ளி, ஏன்னா எங்க அத்தை மக அங்க படிச்சா, அவ சைக்கிள் பின்னாடி உக்காந்து போலாம்னு. பத்து வயசுல எடுத்த முடிவு, அதுக்கு காரணம் ஒரு சைக்கிள் கேரியர். அவளும் அதே 2020ல நீட் எழுதுனா, அதே தமிழ்ல. 341 எடுத்தா. எய்டட் ஸ்கூல் அந்த 7.5ல வராது. பொது கவுன்சிலிங்ல 341 வச்சுக்கிட்டு அரசு காலேஜ் சீட்டு பக்கமே போக முடியாது. அவங்க ஸ்கூல்லயும் ஃபீஸ் கிடையாது, அதே சத்துணவு, அதே இலவச புக்கு, அதே இலவச சைக்கிள். ஆனா வராது.

நான் சென்னையில இருந்து வந்த அன்னைக்கு சாயங்காலம் அவ வீட்டுக்கு வந்தா. நீ எவ்வளவுடின்னு கேட்டா. அதுவரைக்கும் அவகிட்ட மார்க் சொல்லாம தள்ளிக்கிட்டே இருந்தேன். 219னேன். அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் என் கைய புடிச்சு, நல்லா படிடின்னா. அவ பிஎஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சு பிஎட் முடிச்சு இப்ப ஒரு ஸ்கூல்ல வேலை பாக்குறா.

2022 ஏப்ரல்ல சென்னை ஹைகோர்ட் இந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பு சொன்னப்ப ஹாஸ்டல்ல நாங்க அத்தனை பேரும் கட்டிப்புடிச்சு அழுதோம். சந்தோஷம்தான். நான் இந்தச் சட்டத்த மனசார நம்புறேன், அது இல்லன்னா எங்க ஊர்ல இருந்து இன்னொரு நூறு வருஷத்துக்கு ஒரு டாக்டர் வந்திருக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் எத்தனை அரசு பள்ளிப் புள்ளைங்க உள்ள போனாங்கன்னு விரல் விட்டு எண்ணிரலாம். ஆனா அன்னைக்கு ராத்திரியும் எனக்கு 341தான் நினைப்பு வந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் வரும் எனக்கு, ஒண்ண வச்சு இன்னொண்ண என்னால அழிக்க முடியல, அழிக்கவும் கூடாதுன்னு தோணுது.

அந்த ஃபர்ஸ்ட் இயர் தங்கச்சிகிட்ட அன்னைக்கு, நீ நல்லா படிச்சே அதான் கொடுத்தாங்கன்னு சொன்னேன். அது பாதிதான் உண்மை. நாளைக்குப் பாத்தா நான் இப்படிச் சொல்வேன்: உனக்கு ஒரு டீச்சர் ஃபார்ம் போட்டாங்க, யாரோ ஒரு நீதிபதி உக்காந்து கணக்கு எடுத்தாரு, உங்க அப்பாவால ஏதோ ஒண்ணு முடியாம போச்சு, உன்னைவிட அதிகம் எடுத்த ஒருத்தி வெளிய நிக்கிறா, நீயும் ராவெல்லாம் படிச்சே. இதெல்லாம் சேர்ந்துதான் அந்த சீட். எத எடுத்துட்டாலும் நீ இங்க இல்ல. அழணும்னா அழு, ஆனா நாளைக்கு காலைல அனாடமி இருக்கு, தமிழ்ல எழுதி வச்சு படி, என் நோட்டு தர்றேன்.

போன மே மாசம் என் ஃப்ரெண்ட் போன் பண்ணா. அவ அக்கா பையன் அஞ்சாவது முடிச்சிருக்கான். எந்த ஸ்கூல்ல சேக்கலாம்னு வீட்டுல பேச்சு ஓடுது, எய்டட் பக்கத்துலயே இருக்கு, நல்லாவும் சொல்லிக் கொடுக்குறாங்க, நீ என்ன சொல்றன்னு கேட்டா. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. அரசு பள்ளியில போடுடின்னேன். நானும் அதான் நினைச்சேன்னா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்கவும் இல்ல, பேசவும் இல்ல.

ஜூன்ல சேத்துட்டாங்க. அவனுக்கு இன்னும் சைக்கிள் ஓட்ட வரலையாம், அவதான் தினமும் டிவிஎஸ்ல நாலு கிலோமீட்டர் கொண்டு போய் விட்டுட்டு அப்புறம் தன் ஸ்கூலுக்குப் போறா.